சீபேப்பில் இருக்கும் குறைமாதக் குழந்தை: ஒரு தகப்பனின் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு 28 வாரமும் நான்கு நாளும் ஆனபோது பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,060 கிராம். பிறந்ததிலிருந்து மூக்கில் மாஸ்க் வைத்து, விடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சீபேப் ஓடுகிறது. ஒன்பதாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் திரும்ப மாட்டிவிட்டார்கள். வயிறு உப்பியிருக்கிறது. மானிட்டரில் எண் இறங்கி இறங்கி ஏறுகிறது. "பிள்ளைக்கு மூச்சு விட முடியவில்லை என்றால் பெரிய மெஷினிலேயே வைத்துவிடலாமே, ஏன் இந்த மூக்கு மாஸ்க்கோடு நிறுத்திக்கொண்டார்கள்? செலவு பார்க்கிறார்களா?" என்று மாமியார் கேட்கிறாராம். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்கிறார்.

நான் இங்கே பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுகளில் இருபத்திரண்டு வருடம் தாதியாக இருந்தவள். டாக்டர் இல்லை, உங்கள் பிள்ளையைப் பார்த்தவளும் இல்லை. அதனால் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த மாஸ்க் என்ன செய்கிறது, நாங்கள் பக்கத்தில் நின்று எதைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

மாமியாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. மற்ற எல்லாமே அதில்தான் இருக்கிறது. அவர் நினைப்பது இதுதான்: மூக்கு மாஸ்க் சின்ன வைத்தியம், வென்டிலேட்டர் பெரிய வைத்தியம், பெரியதைக் கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் தேறும். இருபது வருடம் முன்னால் எங்கள் வார்டிலேயே பலர் இப்படித்தான் நினைத்தோம். ஆனால் இரண்டும் செய்கிற வேலையே வேறு. வென்டிலேட்டர் என்றால் வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயில் நிறுத்தி, மெஷின் காற்றைத் தள்ளுவது. சீபேப் மூச்சு விட்டுக் கொடுப்பதில்லை. உங்கள் மகள் தானே இழுக்கிறாள், தானே விடுகிறாள். அவள் விடும் ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் நுரையீரல் முழுதாக மூடிக்கொள்ளாதபடி கொஞ்சம் காற்றழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஈரக் கையோடு புது பிளாஸ்டிக் பையைப் பிரித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. ஒரு முறை திறந்து உள்ளே கொஞ்சம் காற்றுப் போய்விட்டால் அப்புறம் லேசாக விரியும். நுரையீரலின் காற்றறைகளும் உள்ளே ஈரமானவை. அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நம் உடம்பு சர்ஃபாக்டன்ட் என்ற ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. கர்ப்பத்தின் 24 வாரம் வாக்கில் அது சுரக்கத் தொடங்கும். 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவுக்கு வரும். 28 வாரத்துப் பிள்ளையிடம் அது கொஞ்சம்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் ஒட்டிய பையைப் புதிதாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்படி நிமிடத்துக்கு 60, 70 தடவை பிரித்தால் எந்தப் பிள்ளைக்கும் சலித்துப் போகும். சீபேப் அந்தப் பையை மூட விடுவதில்லை.

இதைக் கண்டுபிடித்த விதமே எனக்கு மிகவும் பிடித்தது. மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் 'ம்ஹ்... ம்ஹ்' என்று முனகும். வலியில் அழுகிறது என்று பெற்றவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பிள்ளை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு காற்றை உள்ளே தக்கவைக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தனக்குத் தானே சீபேப் செய்துகொள்கிறது. தொண்டைக்குள் குழாயை விட்டால் அந்த முனகல் நின்றுவிடும்; அதோடு அந்த அழுத்தமும் போய்விடும். சரி, பிள்ளை செய்வதை நாம் வெளியிலிருந்து செய்து கொடுத்தால் என்ன என்று அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் கிரெகரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் செய்து பார்த்தார்கள். 1971ல் அதை எழுதி வெளியிட்டார்கள்: கடுமையாகத் திணறிய 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். அதற்கு எட்டு வருடம் முன்பு, 1963ல், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 34 வாரத்தில், கிட்டத்தட்ட 2.1 கிலோ எடையில் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உங்கள் மகளைவிட ஐந்து, ஆறு வாரம் மூத்தவன், இரு மடங்கு எடை. ஒரு நாட்டின் அதிபராலும் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அன்று இந்த வைத்தியம் இல்லை.

அப்புறம் மூக்கு வழியாகக் கொடுக்கும் முறைகள் வந்தன. இருந்தாலும் நீண்ட காலம் பல இடங்களில் வென்டிலேட்டருக்குத்தான் முதல் இடம். 1987ல் அமெரிக்காவின் எட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. அதில் நியூயார்க்கின் கொலம்பியா மருத்துவமனையில் மட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்தது. அங்கே ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர், பிள்ளை பிறந்ததுமே மூக்கில் குமிழிச் சீபேப்பை (தண்ணீர் பாட்டிலில் குமிழி விட்டு அழுத்தம் தரும் வகை) வைத்து, அவசியமில்லாமல் குழாய் போடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். இந்த ஒப்பீட்டைச் செய்தவர் மேரி எலன் ஏவரி. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் போதாமல் இருப்பதுதான் நோய் என்று 1959ல் காட்டியவரும் அவரே.

குழாய் ஏன் கெடுதல்? மெஷின் தள்ளும் காற்று ஒவ்வொரு தடவையும் அந்த இளம் காற்றறைகளை இழுத்து விரிக்கிறது. நாள் கூடக் கூடப் புண்ணாகி, தழும்பாகி, பிள்ளை மாதக்கணக்கில் ஆக்சிஜனை விட முடியாமல் போகலாம். குழாய் வழியாகக் கிருமி இறங்கலாம், குரல்வளையும் புண்ணாகலாம். அதனால் உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: செலவைப் பார்த்து நிறுத்திக்கொள்ளவில்லை, நுரையீரலைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மெஷின் அந்த வார்டிலேயேதான் இருக்கிறது. தேவைப்பட்டால் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார்கள்.

ஆனால் சீபேப் எல்லாப் பிள்ளைக்கும் போதும் என்று நான் சொன்னால் அது பொய். 2008ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மூக்கில் சீபேப், பாதிப் பேருக்கு உடனே குழாய். சீபேப்பில் தொடங்கியவர்களில் 46 விழுக்காட்டினருக்கு முதல் ஐந்து நாளுக்குள் குழாய் தேவைப்பட்டது. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவதும் சீபேப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்: 9 விழுக்காடு, மற்றவர்களுக்கு 3. அந்த ஆய்வில் 8 சென்டிமீட்டர் நீர் என்ற சற்று உயர்ந்த அழுத்தத்தில் தொடங்கினார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மறுபக்கம் பாருங்கள், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஐந்து நாளைக் குழாய் இல்லாமலே கடந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், சீபேப்பில் தொடங்கினால் இறப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ ஏற்படும் வாய்ப்புக் குறைகிறது என்று தெரிந்தது. உங்கள் மகள் பன்னிரண்டு நாளாகக் குழாய் இல்லாமல் இருக்கிறாள். அது அவளே சம்பாதித்தது.

இடையில் மனைவியையும் மறந்துவிடாதீர்கள். வலி வந்து சேர்த்த உடனே அவருக்கு ஊசி போட்டிருப்பார்கள். அது பிள்ளையின் நுரையீரலைப் பழுக்க வைக்கும் ஸ்டீராய்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972ல் நிரூபித்த வைத்தியம். அந்த ஊசிக்கு நேரம் கிடைத்த பிள்ளைகள்தான் சீபேப்பில் நன்றாகத் தாங்கும். 'நான் சுமக்க முடியாமல் போனேனே' என்று தாய்மார்கள் எங்களிடம் அழாத நாள் இல்லை. வலியைத் தாங்கிக்கொண்டு ஊசி வேலை செய்யும்வரை பிள்ளையை உள்ளே வைத்திருந்ததே அவர் செய்த பெரிய காரியம்.

இனி அந்தக் குமிழி பாட்டில். சில வார்டுகளில் மெஷினே அழுத்தத்தை உண்டாக்கும். பல இடங்களில் குமிழிதான். காற்றும் ஆக்சிஜனும் கலந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரப்படுத்தி ஒரு குழாயில் மூக்குக்கு வருகிறது. மூக்கிலிருந்து போகும் இன்னொரு குழாயின் முனை ஒரு பாட்டில் தண்ணீரில் முங்கியிருக்கிறது. முனை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் பிள்ளைக்கு 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், 6 என்றால் 6. இவ்வளவு எளிய சாமான். தண்ணீர் விடாமல் குபுகுபுவென்று கொப்பளித்தால் அழுத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது: மாஸ்க் நகர்ந்திருக்கும், அல்லது பிள்ளை வாயைத் திறந்து தூங்கும். நாங்கள் பத்துக் கட்டில் தள்ளி நின்றாலும் அந்தச் சத்தம் நின்றது காதில் விழும். வாயை மெல்ல மூடி, தாடைக்குக் கீழே ஒரு பட்டை வைத்தாலோ ஒரு சின்ன சூப்பான் கொடுத்தாலோ திரும்பக் கொப்பளிக்கத் தொடங்கிவிடும்.

ஆக்சிஜனும் அழுத்தமும் வேறு வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கருவியில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்று இருந்தால் நீங்களும் நானும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுத்தான் போகிறது. 'சீபேப்பில் இருக்கிறாள், 21ல் இருக்கிறாள்' என்றால் அது நல்ல செய்தி. அந்த எண் 30க்கு மேல் ஏறி ஏறிப் போனால் டாக்டர்கள் சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். முன்பு அதைக் கொடுக்கவே குழாய் போட வேண்டும். இப்போது பிள்ளை சீபேப்பிலேயே இருக்க, நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாயில் விட்டு, சில நிமிடங்களில் மருந்தைச் செலுத்தி எடுத்துவிடுகிற முறை வந்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து பரவியது அது.

மூக்கைப் பற்றிக் கேட்டீர்கள்: 'வலிக்காதா அக்கா?' இதில் நான் எதையும் மறைக்க மாட்டேன். மாஸ்க் சரியாக இருந்தால் வலிக்காது, தொந்தரவாக இருக்கும். சரியாக இல்லாவிட்டால் காயமாகும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வார்டில், இரவுப் பணியின்போது 26 வாரத்துப் பையன் ஒருவனுக்குக் காற்று ஒழுகிக்கொண்டே இருந்தது. குமிழி நிற்கக் கூடாது என்று தொப்பியின் பட்டையை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். குமிழி அழகாக வந்தது, எனக்கு நிம்மதி. காலை ஆறு மணிக்கு மூத்த தாதி வந்து மூக்குக் குழாயைக் கழற்றினார். இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில், அரிசியில் பாதி அகலம்கூட இல்லாத அந்தத் தோலில், ஒரு கருஞ்சிவப்புக் கோடு. அவர் என்னைத் திட்டவில்லை. டார்ச் வெளிச்சத்தில் என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். அந்தப் பையனுக்குப் புண் ஆறியது, ஆனால் அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் குழாய் முனைக்கும் அந்த நடுத்தோலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கிறதா என்று பார்க்காமல் நகர்ந்ததில்லை.

அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாஸ்க்கைக் கழற்றி, மூக்கைப் பார்த்து, ஒரு தடவை மாஸ்க், அடுத்த தடவை மூக்குக் குழாய் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். அழுத்தும் இடம் மாற வேண்டும், அதற்குத்தான். தோலின் மேல் மெல்லிய ஜெல் பட்டையும் ஒட்டுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தால், 'மூக்கு எப்படி இருக்கிறது, நானும் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். எந்த நல்ல தாதியும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வயிறு உப்புவது பெரும்பாலும் சீபேப் காற்றால்தான். பிள்ளை காற்றை விழுங்குகிறது. எங்களுக்குள் இதைச் சீபேப் வயிறு என்றே சொல்வோம். வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயின் வெளிமுனையைத் திறந்து மேலே தொங்க விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காற்று அதன் வழியாக வெளியேறத்தான். வயிறு உப்பியிருந்தும் தொட்டால் மெத்தென்று இருந்து, பால் செரித்து, மலம் போய், பிள்ளை துறுதுறுவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். பச்சை நிறத்தில் ஏதாவது வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகி நிறம் மாறினாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ அது வேறு விஷயம். குடல் அழற்சியாக இருக்கலாம், உடனே பார்ப்பார்கள். அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு வேறில்லை. ஒரு மில்லிலிட்டர் வந்தாலும் மனைவி பீய்ச்சித் தரட்டும். பால் இன்னும் சுரக்காத தாய்மார்களின் பிள்ளைகளுக்காக கேகே மருத்துவமனையில் 2017லிருந்து தானத் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இருந்தாலும் சொந்தத் தாயின் பால் முதலில்.

மானிட்டர். தம்பி, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். அதில் தெரியும் எண் இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் விழுக்காடு. ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதப் பிள்ளைக்கு 90 முதல் 95 வரைதான் நாங்கள் விரும்பும் எண். 100 வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், நாங்கள் ஆக்சிஜனைக் குறைப்போம். ஆக்சிஜன் அதிகமானால் குறைமாதப் பிள்ளையின் விழித்திரை கெடும்; அது தெரிவதற்கு முன்னால், 1940களிலும் 50களின் தொடக்கத்திலும், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். எண் இறங்கி இறங்கி ஏறுவது மூளையிலிருந்து வரும் மூச்சுக் கட்டளை இன்னும் முதிராததால். பிள்ளை மறந்துபோய் மூச்சை நிறுத்தும். 20 விநாடி நிறுத்தினாலோ, அதற்குள் இதயத்துடிப்பு இறங்கினாலோ நாங்கள் பாதத்தையோ முதுகையோ தொட்டு நினைவூட்டுவோம். பெரும்பாலும் 36, 37 வாரத்தில் இது தானே நின்றுவிடும்.

அதுவரைக்கும் துணைக்குக் கஃபீன் கொடுப்பார்கள். ஆமாம், நாம் கோப்பிக் கடையில் குடிக்கும் கோப்பியில் இருக்கும் அதே கஃபீன்தான், சுத்தமான மருந்தாக அளந்து கொடுப்பது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து 2006ல் வெளிவந்த ஆய்வில், கஃபீன் பெற்ற பிள்ளைகளில் 36 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் வந்தது. கஃபீன் பெற்றவர்கள் சீபேப் போன்ற உதவியிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே வெளியே வந்தார்கள். இந்தத் துறையில் நான் பார்த்த மருந்துகளிலேயே இவ்வளவு மலிவாக இவ்வளவு நன்மை செய்தது வேறு இல்லை.

இப்போது உங்களை அதிகம் உறுத்தும் கேள்வி: எடுத்த சீபேப்பைத் திரும்ப மாட்டியது. 'பின்னால் போய்விட்டாளா?' இல்லை. நீங்கள் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள் என்று. நாங்கள் வார்டில் கர்ப்பக் கணக்கையும் சேர்த்தே எண்ணுவோம். எடுத்துப் பார்த்த அன்று அவளுக்கு 30 வாரம்கூட முடியவில்லை. உள்ளே இருந்திருந்தால் இன்னும் பத்து வாரம் மூச்சே விட வேண்டியிருந்திருக்காது. இரண்டு நாள் தானாகச் சமாளித்தாள், களைத்துப்போனாள், மார்புக்குழி இழுக்கத் தொடங்கியிருக்கும், எடையும் ஏறாமல் நின்றிருக்கும். மூச்சுக்கே சக்தியெல்லாம் செலவானால் வளர்வதற்கு என்ன மிஞ்சும்? திரும்ப மாட்டியவர்கள் நல்ல முடிவு எடுத்திருக்கிறார்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், 32 வாரம் வரை அதை எடுப்பதற்கு அவசரப்படவே கூடாது. பெற்றவர்களுக்கு மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்க்க ஆசை. படம் எடுத்து ஊருக்கு அனுப்ப ஆசை. எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இலேசான அழுத்தம் நுரையீரலை விரிவாக வைத்திருப்பதால் அது வளரவும் உதவுகிறது. 2019ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சீபேப்பை எடுத்துவிடலாம் என்ற நிலைக்கு வந்த பிள்ளைகளில் ஒரு பாதிக்கு இன்னும் இரண்டு வாரம் வைத்தார்கள். அவர்களுடைய நுரையீரல் கொள்ளளவு மற்றவர்களைவிடக் கூடியிருந்தது.

சீபேப்பிலிருந்து இறக்கும்போது ஹைஃப்ளோ என்று ஒன்றைச் சொல்வார்கள். மூக்கை அடைக்காத இரண்டு சின்னக் குழாய்கள், சூடான ஈரக் காற்று வேகமாக வரும். மூக்குக் காயம் குறைவு, முகம் தெரியும், தூக்குவது சுலபம். ஆனால் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று அளக்க முடியாது. பிறந்தவுடன் தொடங்க எது நல்லது என்று 564 குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2016ல் வந்தது. ஹைஃப்ளோ 25.5 விழுக்காட்டினருக்குப் போதவில்லை, சீபேப் 13.3 விழுக்காட்டினருக்கு. அதனால் தொடக்கத்தில் சீபேப், இறங்கும்போது ஹைஃப்ளோ என்பது பல வார்டுகளின் வழக்கம். குழாயிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த பிள்ளைகளுக்குச் சீபேப்போடு இடையிடையே மெஷின் ஒரு ஊது ஊதிக் கொடுக்கும் முறையும் உண்டு; திரும்பக் குழாய் போடுவதை அது குறைக்கிறது. உங்கள் மகளுக்கு நாளைக்கே குழாய் தேவைப்பட்டாலும் மனம் உடையாதீர்கள். கிருமித் தொற்று வந்தால் நன்றாக இருந்த பிள்ளையும் களைத்துவிடும். குழாயைப் போட்டு, நோயைச் சரிசெய்து, முடிந்த சீக்கிரம் எடுத்துச் சீபேப்புக்குக் கொண்டுவருவதுதான் வழி.

மாமியார் இன்னொன்றும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாத் தமிழ் வீட்டிலும் சொல்வார்கள்: 'ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளைதான் தங்காது.' அது சரியில்லை. ஒவ்வொரு வாரமும் கூடக் கூடப் பிள்ளைக்குப் பலம்தான். ஆனால் அவரிடம் இதை வாதமாகச் சொல்ல வேண்டாம். அந்தத் தலைமுறை கண்டாங் கர்பாவ் மருத்துவமனையில் பிள்ளை பெற்றது. 1966ல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த கணக்கு அது. அந்தக் காலத்தில் ஒரு கிலோவில் பிறந்த பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர் பயத்துக்கு அவர் கண்ட காரணம் இருக்கிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் பிறந்த நாளிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பையும் பயன்படுத்தலாம். மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரை இந்த வாரமே பாருங்கள், பில் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி இப்போதே பாட்டியிடம் பேசி வையுங்கள். குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடக் கூடாது. அது எவ்வளவு ஆசையான வழக்கம் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்கு என் அம்மா போட்டிருக்கிறார். ஆனால் இந்த நுரையீரலுக்கு எந்தப் புகையும் வேண்டாம், ஊதுபத்தியும் சேர்த்துத்தான். மூக்கை நீவி நீட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதிச் சளி எடுப்பது எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சீன ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே காகிதம் எரிக்கும்போதும், புகைமூட்டம் வரும் நாட்களிலும் சன்னலைச் சாத்திவையுங்கள். சளி, இருமல் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் தூரத்திலிருந்தே பார்க்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 'தொடப் பயமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். சீபேப்பில் இருக்கும்போதே பிள்ளையை உங்கள் வெறும் மார்பில் படுக்க வைக்கலாம். கங்காரு முறை என்பார்கள். 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. எங்கள் வார்டுக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநர் வருவார், இரவு முழுவதும் ஓட்டிவிட்டு விடிகாலை ஐந்தரைக்கு. கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்காருவார். ஒருவர் பிள்ளையைத் தூக்க, ஒருவர் குழாய்களைப் பிடிக்க, மெல்ல அவர் நெஞ்சில் வைப்போம். முதல் ஐந்து நிமிடம் எண் ஆடும். அப்புறம் பிள்ளையின் கை விரியும், நெற்றிச் சுருக்கம் போகும். 28ல் இருந்த ஆக்சிஜனை 25க்கு, 23க்கு என்று இறக்குவேன். அவர் தூங்கிவிடுவார், பிள்ளையும் தூங்கும், பாட்டில் மட்டும் கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

நாளைக் காலை டாக்டர்கள் சுற்றி வரும்போது, 'இன்று நான் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள். முன்னால் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மகளுடைய குழாயில் மாட்டிக்கொள்ளும். குறைந்தது ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது, அதனால் கழிவறைக்குப் போய்விட்டு வந்து உட்காருங்கள்.